டோக்கன் வாங்காமல் பறித்த காய்

பயம் வந்தால் எனக்குக் கை நடுங்காது, குரலும் மாறாது. பட்டியல் போடத் தொடங்கிவிடுவேன். அந்த ஜூன் மாதம் என் கைப்பேசி முழுக்கப் பட்டியல்கள்தான். எந்தக் கல்லூரி, எத்தனை மாதப் படிப்பு, எந்த ஊரில் என்ன குளிர், வேலை கிடைக்காவிட்டால் எவ்வளவு காலம் தங்க விடுவார்கள். எல்லாப் பட்டியலிலும் கடைசி வரி ஒன்றுதான்: நிலம். அதற்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டிருந்தேன்.

நிலம் என்றால் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்துப் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பு. தாத்தா காலம்வரை எங்களுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலமும் இல்லை. அடுத்தவர் கழனியில் கூலி. அப்பா, எங்கள் பேச்சில் நைனா, கூலிக்குப் போய்க்கொண்டே வாங்கி, கல் பொறுக்கி, பெங்களூரா ரக மாங்கன்று நட்ட இடம் அது. என் படிப்புக் கடனுக்கு வங்கி அதைத்தான் ஈடாகக் கேட்டிருந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வேலை இல்லாமல் நான் திரும்பி வந்தால் போகப்போவது அந்தத் தோப்பு.

திருப்பதியில் பி.டெக். முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர் ஒரு வெளிநாட்டு முதலீட்டு வங்கி. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது அது என்ன விலை பெறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர்கள் வேலை. அந்தக் கணக்கு ஓடும் புரோகிராமில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கூட்டல் சரியா என்று நான் கேட்கலாம். விலை சரியா என்று கேட்க முடியாது. ஒருமுறை கேட்டேன். அது உங்கள் பகுதி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தப் பகுதிக்குப் போக என்ன படிக்க வேண்டும் என்று அன்றைக்கே தேடினேன். நிதித் துறையில் முதுகலை.

இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்தது. ஒன்று லண்டன், ஒரே வருடம், கல்லூரியின் பெயரைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்னொன்று பிரான்சின் வடக்கே ஒரு ஊர், ஆங்கிலத்தில்தான் பாடம், ஆனால் இரண்டு வருடம். அந்தக் கல்லூரியின் பெயரை நான் சொல்லிக்காட்டினால் அம்மா சிரிப்பாள்.

திருப்பதியில் என் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்ட ஆலோசனை நிலையத்தின் சுவர் முழுக்க, விசா கிடைத்துப் போனவர்களின் புகைப்படங்கள். பாதிப் பேர் மொட்டை. விசா வந்தால் முடி கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, மலைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, அப்படியே விமானம் ஏறியவர்கள். கனத்த கோட்டும் மொட்டைத் தலையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் கல்லூரி சீனியர். புத்தூர்ப் பக்கம். நான் தேர்ந்தெடுக்க நினைத்த அதே லண்டன் படிப்பை முடித்தவள்.

"லண்டன் ஆஃபரை கையில வச்சுக்கினு யாராவது யோசிப்பாங்களா மேடம்?" என்றார் ஆலோசகர். "இந்தப் பக்கம் பாருங்க, எல்லாரும் போய்க்கினே கீறாங்க."

அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் போய்க்கொண்டே இருந்தார்கள். போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆனார்கள் என்று எந்தப் புகைப்படத்துக்கும் கீழே எழுதியிருக்கவில்லை. என் சீனியருக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள், பதில் வரவில்லை.

இரண்டு கல்லூரிக்கும் சம்மதம் சொல்லக் கடைசி நாள் நெருங்கியபோது ஊரில் மாங்காய் சீசன். சித்தூரைச் சுற்றியுள்ள ஜூஸ் பேக்டரிகள் திறந்துவிட்டன. மாம்பழக் கூழ் எடுத்து டின்னில் அடைக்கும் இடங்கள். எங்கள் ஊரில் ஜூஸ் பேக்டரி என்றுதான் சொல்வார்கள். முதலில் போய் டோக்கன் வாங்க வேண்டும். அதில் என்றைக்கு லோடு கொண்டுவர வேண்டும் என்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் காய் பறிக்க வேண்டும். நைனாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அந்த வாரம் பக்கத்துத் தோப்புக்காரர்களின் டிராக்டர்கள் விடியற்காலையில் வரிசையாகப் புறப்பட்டதைப் பார்த்தார். ரேட்டு இறங்கப்போகிறது, இப்போது போனவனுக்குத்தான் பணம் என்று யாரோ சொன்னார்கள். ஆளை விட்டுப் பாதித் தோப்பைப் பறித்துவிட்டார்.

லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்த நான், அம்மா கட்டிக்கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் சித்தூர் போனேன். பேக்டரிக்கு வெகு தூரம் முன்பே டிராக்டர் வரிசை தொடங்கிவிட்டது. நடுவில் எங்கோ, ஒரு புளியமரத்து நிழலில், எங்கள் லோடு நின்றது. முந்தின நாளிலிருந்து அங்கேயே நிற்கிறது.

வாடகை டிராக்டர் ஓட்டிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். "வா பாப்பா. நீ பாங்கு வேலைக்கு வெளிநாடு போறியாமே? ஏன், சித்தூர்ல இல்லாத பாங்கா?"

"இவ போற பாங்குல பாஸ்புக்கே கெடையாதாம்பா," என்றார் நைனா. பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் கண் கேட்டின் பக்கமே இருந்தது.

கேட்டிலிருந்து காவலாளி ஒவ்வொரு வண்டியாக, டோக்கன் இருக்கிறதா என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டு வந்தான். "டோக்கன் உந்தா?"

"லேது அண்ணா. பாத்து பண்ணுங்க," என்றார் நைனா.

"டோக்கன் லேகுண்டா காயலு எவரைனா கோஸ்தாரா?" டோக்கன் இல்லாமல் யாராவது காய் பறிப்பார்களா என்கிறான். என்னைவிடச் சின்னப் பையன். நைனா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் சோற்று மூட்டையைப் பிரிக்கும்போது கைப்பேசி அடித்தது. லண்டன் எண். வண்டிக்கு மறுபக்கம் போனேன்.

"மெசேஜ் பாத்தேன்டி. இன்னா சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்," என்றாள் சீனியர். "எப்போ கடைசி நாளு?"

"இன்னிக்கு, அக்கா."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "காலேஜ் நல்ல காலேஜ்தான். பாடமெல்லாம் குறை சொல்ல மாட்டேன். நான் செப்டம்பர்ல எறங்கி, ரூம் தேடிக்கினு, அரிசி எங்க கெடைக்கும்னு தேடிக்கினு இருந்தேன். அப்பவே பாங்குங்க ஆள் எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க."

"படிச்சு முடிச்ச பெறகுதானே எடுப்பாங்க?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அவங்க எடுக்கறது எப்படின்னா, மொதல்ல கோடை லீவுல ரெண்டு மாசம் வேலைக்கு உட்டுப் பாப்பாங்க. புடிச்சா வச்சுக்குவாங்க. அந்தக் கோடைக்கு முந்தின வருஷக் கடைசியிலயே விண்ணப்பம் போடணும். என் கோர்ஸ் ஒரு வருஷம். கோடை வந்தப்ப கோர்ஸே முடியப்போவுது. கோடைக்கு அப்புறமும் படிப்பு மிச்சம் இருக்கறவங்களத்தான் முக்காவாசி எடுப்பாங்க. நான் விஷயம் தெரிஞ்சுக்கறதுக்குள்ள எல்லா எடத்துலயும் மூடிட்டாங்க."

"இப்போ எங்க வேலை அக்கா?"

"ஒரு ஓட்டல்ல கணக்கு பாக்கறேன். வீட்ல பாங்குன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ எங்கயும் சொல்லிடாத." பிறகு கேட்டாள். "என் போட்டோ இன்னும் அந்தச் சொவத்துல கீதா?"

"கீது அக்கா."

"மொட்டையோடவா?"

"மொட்டையோடதான்."

பலமாகச் சிரித்தாள். "எனக்குன்னா தெரியாமப் போச்சு. ஒனக்குத் தெரிஞ்சு போச்சு. யோசிச்சுக்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

டிரெய்லரின் இடுக்கு வழியாகச் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஈரமாக ஒரு கோடு, அதன்மேல் ஈ. வெயிலிலும் அழுத்தத்திலும் கீழே இருந்த காய்கள் உடையத் தொடங்கிவிட்டன. மரத்தில் இருந்திருந்தால் இன்னும் பத்து நாள் தாங்கியிருக்கும். நான் இன்னும் பறிபடவில்லை, சம்மதக் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உடனே அடுத்த பயம் வந்தது. பிரான்ஸ் படிப்பில் இரண்டு வருடத்துக்கு நடுவே ஒரு முழுக் கோடை உண்டு. ஆனால் கடன் கூடும். தெருவில் பேசும் மொழி தெரியாது. அந்தக் கல்லூரியின் பெயரை எந்த வங்கிக்காரன் மதிப்பான் என்று தெரியாது. அந்தக் கோடையிலும் என்னை யாரும் கூப்பிடாமல் போகலாம். லண்டனை விட்டால், பின்னாளில் ஊரில் எல்லோரும், கையில் கிடைத்ததை விட்டவள் என்பார்கள்.

நைனாவிடம் போய் உட்கார்ந்தேன். "நைனா, நான் லண்டனுக்குப் போவல. இன்னொரு எடத்துக்குப் போறேன்."

"அந்த வாயில நொழையாத ஊருக்கா? ஒரு வருஷத்துல முடியறதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம்?"

சீனியர் பெயரைச் சொல்லாமல், வங்கிகள் ஆள் எடுக்கும் முறையை விளக்கினேன். கோடை, விண்ணப்பம், மூடிவிடுவது. மாங்காயை உதாரணம் காட்டியிருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். அந்த லோடின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நைனா கேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்போ லண்டன்ல டோக்கன் கெடையாதா?"

"கீது நைனா. ஒரு வருஷப் படிப்புக்காரங்களுக்கு அது கெடைக்கறது கஷ்டம்."

"நீ போற எடத்துல?"

"ஒரு வருஷம் நின்னு வாங்கலாம். கெடைக்கும்னு சொல்ல முடியாது."

"கெடைக்கலன்னா?"

தோப்பு என்று இருவருமே சொல்லவில்லை. டிராக்டர்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டு, "எங்க போனாலும் நிக்கத்தான் வேணும்போல," என்றார்.

நைனா சோற்றைப் பிசைந்தார். "நீ அனுப்பிட்டு வா. அப்புறம் துன்னலாம்."

அனுப்பினேன். முதலில் பிரான்சுக்குச் சம்மதம், பிறகு லண்டனுக்கு நன்றியும் மறுப்பும். லண்டனுக்கு எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன், பிழை ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டு அடுத்த பட்டியலுக்காகக் கைப்பேசியைத் திறந்தேன். எழுத எதுவும் தோன்றவில்லை. அந்த ஜூன் முழுக்க நான் பயந்ததிலேயே அதிகம் பயந்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

மாலையில் எங்கள் வண்டியை உள்ளே விட்டார்கள். நல்ல காய் என்று பொறுக்கியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பினார்கள். திரும்பும் வழியில் சாலையோரத்தில் ஏற்கெனவே குவியல்கள் கிடந்தன. எங்களுடையதையும் அங்கேயே சாய்த்தோம். மறுநாள் நைனா டோக்கன் வாங்கிவர வெறும் கையோடு சித்தூர் போனார். மீதிப் பாதித் தோப்பு மரத்திலேயே இருந்தது.

ஒரு வருடம் போயிற்று. மறுபடியும் ஜூன். நைனா கூப்பிட்டபோது நான் பிரான்சில் என் அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன்.

"டோக்கன் வாங்கியாச்சும்மா. வெள்ளிக்கெழம லோடு. காய் மரத்துலதான் கீது. உனுக்கு?"

"நாளைக்கு உள்ள போறேன் நைனா. ரெண்டு மாசம். எடை போட்டு எடுத்துக்குவாங்களான்னு அப்புறந்தான் தெரியும்."

இலையுதிர் காலம் முழுக்க விண்ணப்பம் போட்டு, எல்லா இடத்திலும் இல்லை என்று வந்து, ஒரே ஒரு வங்கி கோடை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்.

"பயமா கீதா?"

"கீது."

"எனுக்கும்தான்," என்றார் நைனா. பிறகு இந்த வருடம் என்ன ரேட்டு சொல்கிறார்கள் என்று பேசத் தொடங்கினார். நான் சட்டையின் காலரை மறுபடியும் ஒருமுறை தேய்த்தேன்.