குற்றாலம் பஸ்ஸில் நடுவர்

இன்று மதியம் குற்றாலம் போகத் தென்காசியில் பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஞாயிற்றுக்கிழமை நடந்த கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவர். நான் நகர்ந்து இடம் விடவில்லை.

அன்று சாரலில் எங்கள் கிளப்புக்காகக் கோட்டோரம் கொடி பிடித்தவன் நான். எதிரணிக்காரன் ஆஃப்சைடில் நின்று பந்தை அடித்தான். கொடியைத் தூக்கினேன். நடுவர் கோல் என்று விசிலடித்தார்.

"கண்ணு தெரியுதாவே?" என்று கேட்ட எங்கள் கேப்டனை, விரலை நீட்டி வெளியே போகச் சொன்னார். அவனுக்குத் தடை போடுவதா என்று முடிவு செய்ய நாளை கமிட்டி கூடுகிறது.

"இன்னும் கோவந்தானா அண்ணாச்சி?" என்றார் பக்கத்தில் இருந்த நடுவர்.

"என் கொடியப் பாத்தீரா இல்லையா?"

"பாத்தேன். கிளப்காரன் கொடி, பந்து வெளிய போனதச் சொல்லத்தான். ஆஃப்சைடு நான்லா பாக்கணும்."

"நீரு பாத்தீராவே?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு மூக்குக்கண்ணாடி பூரா சாரல். எவன் எங்கன நின்னான்னே தெரியல."

"இத நாளைக்குக் கமிட்டியில சொல்லும்."

"சொல்லுதேன். அதுக்கு முன்னால அந்தப் பய எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்லா?"

கேட்பான். அவனுக்கு ஆட வேண்டுமே. எந்தத் தப்புக்காக என்று மன்னிப்பு கேட்பது? உங்களில் யாருக்காவது தெரிந்தால் காலைக்குள் சொல்லுங்கள்.