மாப்பிள்ளை பற்றி ஓர் ஆர்.டி.ஐ.

என் அப்பாவுக்கு ஆர்.டி.ஐ. ஒரு வியாதி. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் எங்கள் தெருவிளக்கு எரியாததற்கும் சாக்கடை அடைத்துக்கொண்டதற்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் போட்டே பாராவில், அதாவது எங்கள் வட்டாரத்தில், பெரிய மனுஷராகிவிட்டார். எது கெட்டுப்போனாலும் சித்தப்பா முறை வைத்து "மேஷோமஷாய்" என்று வங்காளியில் கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

அப்போது எனக்கு ஒரு வரன் வந்தது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. மாற்றலாகி வந்து நியூ டவுனில் தனியாக இருந்தார்; அம்மா ஊரில் இருந்தார். இரண்டு முறை சந்தித்துப் பேசினோம். எனக்குப் பிடித்துவிட்டது, ரொம்பவே. எங்கள் சொந்த ஊர் மதுரையாக இருந்தால் அப்பா அவர் தெருப் பெட்டிக்கடையில் நின்று விசாரித்திருப்பார். நியூ டவுன் அடுக்குமாடியில் எதிர்வீட்டில் இருப்பது யாரென்றே ஒருவருக்கும் தெரியாது. யாரைப் போய்க் கேட்பது?

மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? மாப்பிள்ளையின் அலுவலகத்துக்கே ஆர்.டி.ஐ. போட்டுவிட்டார்! சம்பளம், விடுப்பு, அவரை நம்பியிருக்கும் குடும்பத்தார், அவர்களின் மருத்துவச் செலவு, ஒன்று விடாமல். இப்படி மனு வந்தால், "உங்களைப் பற்றி இன்னார் கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று சம்பந்தப்பட்டவரிடமே அலுவலகம் எழுதிக் கேட்கும். சட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு அது மட்டும் மறந்துபோயிற்று.

மாப்பிள்ளை எனக்கு போன் செய்தார். "உங்கப்பாவோட மனு என் மேஜைல இருக்கு. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று அப்பாவைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டேன்.

"உன் நல்லதுக்குத்தானேம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து அப்பாவின் எதிரே உட்கார்ந்தார்.

"என்னைப் பத்தி எதை வேணா கேளுங்க மாமா, சொல்றேன். சம்பளச் சீட்டுகூடக் காட்டறேன். ஆனா குடும்பத்தைப் பத்திக் கொடுக்கக் கூடாதுன்னு எழுதிட்டேன். அதுல எங்கம்மாவோட வைத்தியம் இருக்கு. அது அவங்க விஷயம். அவங்களா சொன்னாத்தான் உண்டு."

அந்த நிமிஷமே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாரோ என்று பயமாகவும் இருந்தது.

"தப்புதான் மாப்ள" என்றார் அப்பா. "கல்யாணம் பேச இங்க வர அம்மாவுக்கு ரயில் பிரயாணம் ஒத்துக்குமா? இல்லேன்னா நாங்க வந்து பார்க்கறோம். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."