பார்த்துக்கொண்டிருக்கும் கண்

ஆந்திராவின் பென்ட்டகோட்டா கடற்கரையில் உள்ள இறால் குஞ்சுப் பண்ணையில், தாய் இறால்களுக்குக் கண் எடுப்பது நூக்கரத்தினத்தின் வேலை. ஒரு கண் மட்டும். முட்டை முதிர விடாமல் தடுக்கும் சுரப்பு கண்காம்புகளில் இருக்கிறது. அவற்றில் ஒன்று போனால்தான் இறாலுக்கு முட்டை கட்டும்.

தொட்டி அறை பகலிலும் இருட்டுதான். டார்ச் அடித்தால் தண்ணீருக்குள் கண்கள் கங்கு மாதிரி மின்னும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு கண்ணுக்குள் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னச் சதுரங்கள். அவற்றின் உட்சுவர்கள் கண்ணாடி போல வெளிச்சத்தைத் திருப்பி, பல சதுரங்களில் விழுந்ததை ஒரே இடத்தில் கொண்டு சேர்க்கும். அதனால் கொஞ்ச வெளிச்சமே அதற்குப் போதும். தலையைத் திருப்பாமலே பக்கத்திலும் பின்னாலும் அசைவது தெரிந்துவிடும். ஒரு கண் போனால் என்ன, இன்னொன்று அவ்வளவு நன்றாகப் பார்க்குமே! இதை, அண்ணி முறையில் வதினா என்று கூப்பிடும் சம்பந்தி சன்யாசம்மாவிடம் சொல்லிச் சொல்லி நூக்கரத்தினத்துக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மருமகள் சத்தியவதிக்கு ஏழாம் மாதம். வீட்டில் ஒருத்தி பிள்ளை சுமக்கும்போது இன்னொருத்தி இறால் கண்ணை அறுத்தால் பிள்ளை குருடாகப் பிறக்கும் என்று சொல்லி, சன்யாசம்மா மகளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். வேலையை நிறுத்தினால்தான் சீமந்தத்தில் வளையல் போட விடுவாளாம். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்துவிட்டு இவளுக்கு இவ்வளவு ஆசாரம்! மேலாளரிடம் விடுப்பு கேட்டால், போன முறை வேறொருவன் கை வைத்ததில் பாதி இறால் செத்ததைச் சொல்லி மறுத்துவிட்டார். மகனோ இங்கே வந்தால் இங்கே தலையாட்டினான், அங்கே போனால் அங்கே. யார்மேல் எரிந்து விழுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

சீமந்தத்தன்று பச்சைக் கண்ணாடி வளையல்களோடு போய் நின்றாள். கொல்லையில் சன்யாசம்மா விருந்துக்கு இறால் உரித்துக்கொண்டிருந்தாள். பிய்த்துப் போட்ட தலைகள் கண்ணும் காம்புமாகக் குவிந்து கிடந்தன. நூக்கரத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் வதினா, நான் ஒரு கண்ணை எடுத்தா பாவம். நீங்க தலையையே பிச்சுப் போட்டா அது குழம்பா?"

சன்யாசம்மாவின் கை நிற்கவில்லை. "இது செத்தது வதினா. நீங்க எடுக்கறப்ப அது உங்களைப் பாத்துக்கிட்டுல்ல இருக்கும்?"

அது எவ்வளவு நன்றாகப் பார்க்கும் என்று இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது நூக்கரத்தினம்தானே.

ஆத்திரத்தோடு உள்ளே போய், யாரையும் கேட்காமல் மருமகள் எதிரே உட்கார்ந்தாள். சத்தியவதி சிரித்தாள். "வாங்க அத்தை" என்று அவளாகவே கையை நீட்டினாள். வளையலை எடுத்துக்கொண்டு நூக்கரத்தினம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் கை உருவிக்கொண்டு போய் வயிற்றை மூடிக்கொண்டது.

"வேணும்னு செய்யல அத்தை." சத்தியவதியின் முகம் வெளுத்திருந்தது.

வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். நூக்கரத்தினம் வளையல்களைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள்.

"நீயே போட்டு விடும்மா."