இரண்டு நல்ல டயர்கள்

எங்கள் பஸ் முதலில் லாரியாக இருந்தது. மலாயாவில் ரெங்கத்துக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் ஷீட்டுகளை ரயில்வே ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் லாரி. தோட்டத்துக்குப் புது லாரி வந்ததும் அதைக் கழித்துவிட்டார்கள். அதுவரை அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அங்கே ரப்பர் மரத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்த என் மனைவியின் தம்பியும் நானும் சேர்ந்து அதை வாங்கினோம். ரெங்கத்தில் ஒரு சீனத் தச்சர் பின்புறம் பலகைக் கூண்டு கட்டி, இரண்டு பக்கமும் நீள பெஞ்சு போட்டு, இடது பக்கம் ஏறுவதற்கு ஒரு படியும் வைத்துக் கொடுத்தார். நான் ஓட்டினேன். மைத்துனன் அந்தப் படியில் நின்றபடி ஆளை ஏற்றி இறக்கிக் காசு வாங்கினான். உட்கார்ந்து வரச் சொன்னால் கேட்க மாட்டான். நின்றால்தான் முகத்தில் காற்று படுமாம்.

இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஒவ்வொரு தோட்டமாகப் பால்வெட்டை நிறுத்தினார்கள். ஆட்களைப் பெயர் எழுதிக்கொண்டு ஊருக்கு இலவசமாகக் கப்பலேற்றி அனுப்பினார்கள். அவர்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டது எங்கள் பஸ்தான். அந்த மாதங்களில் கூண்டு நிறைய ஆள் இருந்தார்கள். தகரப் பெட்டியும் பாயும் கட்டிய மூட்டையுமாக ஏறுவார்கள். திரும்பி வரும்போது வண்டி காலியாக வரும். போகிறவர்களை ஏற்றி ஏற்றியே, நாளைக்கு ஏறுவதற்கு ஆள் இல்லாமல் செய்துகொண்டோம்.

மைத்துனனுக்கும் அந்த இலவசக் கப்பலில் இடம் கிடைத்திருக்கும். ஊரில் அவனுக்கு அம்மா இருந்தாள், கல்யாணமும் ஆகவில்லை. “நானும் பேரு குடுத்துடட்டுமா மச்சான்?” என்று ஒருநாள் கேட்டான்.

“நீ போயிட்டா படியில யாரு நிக்கிறது?” என்றேன்.

அவன் சிரித்தான். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி குளுவாங்கில் எங்களை நிறுத்தியது அப்போதுதான். நான்கு டயர்களிலும் ரப்பர் தேய்ந்து உள்துணி தெரிந்தது. அவர் குனிந்து பார்த்தார், கையால்கூடத் தொடவில்லை. ஒரு வாரத்துக்குள் நான்கையும் மாற்றாவிட்டால் பெர்மிட் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ரயிலில் இருவரும் சிங்கப்பூர் போனோம். போகும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம். அதன் பால் வாங்க ஆளில்லாமல் கிடக்கிறது. கடைக்குள் நுழைந்தால் அதே ரப்பர் சீமைக்குப் போய் டயராகத் திரும்பி வந்து, நாங்கள் கிட்டே போக முடியாத விலையில் அடுக்கியிருக்கிறது. அப்படியே கையில் காசு இருந்தாலும் பயனில்லை. எங்கள் வண்டியின் சக்கர வட்டம் பழைய மாதிரி. புது டயர் அதில் உட்காராது. முதல் இரண்டு கடைகளிலும் அளவைக் கேட்டதுமே கையை விரித்தார்கள்.

மூன்றாவது, பழைய டயர் கடை. கடை முதலாளியான தவுக்கே, வயதான ஹொக்கியன் சீனர், பனியனோடு உட்கார்ந்திருந்தார். அளவைச் சொன்னதும் உள்ளே போய் இரண்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். நான் உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன். துணி எங்கும் கிழியவில்லை. பக்கச் சுவரை வளைத்துப் பார்த்தேன். வெடிப்பில்லை. நல்ல டயர்கள்.

“இன்னும் ரெண்டு வேணுமே,” என்றான் மைத்துனன்.

தவுக்கே யோசித்துவிட்டு மறுபடி உள்ளே போனார். இந்தத் தடவை கொண்டுவந்தவை வெளியிலிருந்து பார்த்தால் முன்னதைவிட நன்றாகவே இருந்தன. ஆனால் அவர் என் கையைப் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கிழிசல். அதன்மேல் தடித்துணி ஒட்டியிருந்தது.

“டெப்பான் ஜாங்ஙான்,” என்றார் மலாயில். முன்னால் போடாதே என்று. எனக்குப் புரியவில்லையோ என்று எண்ணி, இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டி, உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தும் காட்டினார். அதே அளவில் வேறு டயர் சிங்கப்பூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றார். நான்கையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் பஸ்ஸை ஜாக்கி வைத்துத் தூக்கினோம். மைத்துனன் நல்ல டயர் ஒன்றை முன்பக்கம் உருட்டிக்கொண்டு போனான்.

“அது பின்னால,” என்றேன்.

“என்ன மச்சான், அந்தத் தவுக்கே அவ்வளவு சொன்னாரே?”

“பாரம் பூரா பின்னால இருக்கு. போன மாசம் பின்னால வெடிச்சு என்ன ஆச்சு? ரயிலை விட்டுட்டு அத்தனை பேரும் நம்மளத் திட்டினாங்க. இப்ப ரெங்கத்துச் சீனன் ஒருத்தன் வாடகைக் காரு ஓட்டுறான், பாதிப் பேரு அதுல போறாங்க.”

“பின்னால வெடிச்சா வண்டி நிக்கும். முன்னால வெடிச்சா?”

“ஓட்டுறது நீயா, நானா?”

அவன் ஸ்பானரை என் கையில் கொடுத்தான். அவன் முகம் வாடவில்லை. டயரை அப்படியே பின்பக்கம் உருட்டிக்கொண்டு வந்தான். அவன் அன்றைக்குக் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். எத்தனையோ நாள் இப்படி நினைத்திருக்கிறேன். நினைத்து முடித்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வரும்.

அதிகாரி வெளிப்பக்கம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பெர்மிட் கிடைத்தது.

இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். கப்பலுக்குப் போகிற இரண்டு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். இடது முன்சக்கரம் வெடித்தது. துப்பாக்கி சுட்டதுபோல் சத்தம். ஸ்டியரிங் என் கையை உதறிவிட்டுத் தானாக இடது பக்கம் திரும்பியது. பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி கேட்கவில்லை. வடிகாலுக்குள் இறங்கிச் சாய்ந்தது.

உள்ளே இருந்தவர்களுக்குச் சிராய்ப்புதான். படியில் நின்றவன் கீழே இருந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே வண்டிக்கு அடியில் மாட்டியிருந்தது. அவன் கத்தவில்லை. “தூக்குங்க மச்சான், தூக்குங்க,” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்து லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவரும் வரைக்கும் பக்கத்தில் மண்டியிட்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குளுவாங் ஆஸ்பத்திரியில் காலை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் ஒருவர் வாக்குமூலம் எழுத வந்தார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். மைத்துனன் என்னைப் பார்க்காமல் சொன்னான்: “ரோட்டுல பெரிய கல்லு கெடந்துச்சுங்க. மச்சான் வளைச்சுப் பாத்தாரு, முடியல.”

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார்.

“ஆமா,” என்றேன்.

எழுதிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அப்போதும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பஸ்ஸை வடிகாலிலிருந்து இழுத்து, இரும்புக் கடைக்குப் போட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அவனும் அந்தக் கப்பல் பட்டியலில் ஏறினான். வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று அவன் பெயருக்கு நேரே எழுதியிருந்தார்கள். அவன் அக்கா, என் மனைவி, பெட்டியில் துணிகளை மடித்து வைத்தாள். அவனிடம் மூன்று கால்சட்டை இருந்தது. மூன்றிலும் வலது காலை மடித்துத் தைத்திருந்தாள். ஸ்டேஷனில் அவனைத் தூக்கி ரயிலில் உட்கார வைத்தேன். அவ்வளவு லேசாக இருந்தான்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்க முடியவில்லை. கல் ஒன்றும் இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். டயர் வாங்கிய கதையை முதலிலிருந்து சொன்னேன்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “எதை முன்னால போடலாம்னு அவன்கிட்ட கேட்டீங்களா?”

“அவனாவே சொன்னான்.”

“என்ன சொன்னான்?”

சொன்னேன். அவள் ஆய்ந்த கீரையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஊரிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, வேறு யாரோ எழுதிக்கொடுத்தது. சௌக்கியமாக வந்து சேர்ந்ததாகவும், அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்றும் இருந்தது. நாங்கள் போட்ட கடிதங்களுக்கு அதன்பிறகு பதில் இல்லை.

ரப்பர் விலை கொஞ்சம் ஏறித் தோட்டத்தில் மறுபடி பால்வெட்டு ஆரம்பித்தபோது என் மனைவி வெட்டுக்குப் போனாள். எனக்கு வேறொரு தோட்டத்தில் லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. வேளாவேளைக்குச் சோறு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் நான் ஓட்டும் வண்டியில் அவள் ஏறவே இல்லை. சந்தைக்கு மூன்று மைல் நடந்து போய், சுமையோடு நடந்து வருவாள். எதிரே வந்தால் நான் லாரியை மெதுவாக்குவேன். அவள் ரோட்டு ஓரமாக ஒதுங்கி, வண்டி கடந்து போகட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். மழையில்கூட அப்படித்தான் நின்றாள்.