கறுப்புத் தட்டில் சந்தனப் பொட்டு

என் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. எண்பதைத் தாண்டிவிட்டேன், இனி மன்னிக்கப்போவதும் இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போவதென்று முடிவானதும், கூடவே ஒரு கிராமபோன் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னவன் நான். காரணம் என் மனைவி. பென்னாகரத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற காட்டிலாகா ரேஞ்சர் ஒருவர் இருந்தார். எங்கள் தெருவில் பாட்டுப்பெட்டி இருந்தது அவர் வீட்டில் மட்டும்தான். தினமும் ஒரே பாட்டைப் போடுவார். தட்டில் விரிசல். பாதியில் ஊசி மாட்டிக்கொண்டு ஒரே சொல்லை அரைக்கும், எடுத்துவிடுவார். என் மனைவி அந்தப் பாதியைப் பிசகாமல் பாடி, அதே இடத்தில் நின்றுவிடுவாள்.

"மீதி எப்படிங்க போவும்?" என்று என்னைக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மீதியை அவளுக்குக் கேட்கவைக்க வேண்டும் என்றுதான் அண்ணனையும் அழைத்துக்கொண்டு தருமபுரிக்குப் போனேன். கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று பித்தளைக் குழாய் வைத்தது. மற்றது சூட்கேஸ் மாதிரி மூடிக் கையில் தூக்கிக்கொண்டு போகிற கறுப்புப் பெட்டி. அண்ணன் குழாயைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இதத்தான் எடுக்கணும். குழாயில்லாத பாட்டுப்பெட்டி மூக்கில்லாத மனுசனாட்டம் இருக்குது."

"மலையெறக்கத்துல வண்டி குலுங்கற குலுக்குல அந்த மூக்கு சப்பையாயிடும்ண்ணா."

கடைக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

நான் இரண்டுக்கும் முழுச்சாவி கொடுத்துக் கடைத்தட்டு ஒன்றை ஓடவிட்டேன். குழாய்ப்பெட்டியில் கடைசியில் பாட்டு இழுத்தது, கறுப்புப்பெட்டியில் இழுக்கவில்லை. கறுப்பையே எடுத்தேன். ஊசி டப்பாவின் மேல் இருநூறு என்று போட்டிருந்தது. கொட்டி எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றேழு. கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு இன்னும் மூன்றைப் போட்டார். தட்டுகள் ஆறு எடுத்தோம். அவற்றில் ஒன்று அந்தப் பாட்டு. அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"பூசை போடாம புதுசத் தொடக்கூடாது" என்று அண்ணன் பிடுங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் கலப்பையோ சைக்கிளோ, எது புதிதாக வந்தாலும் பூசை போட்ட பிறகுதான் தொடுவோம். சரி என்று விட்டேன். புறப்படுகிற காலையில் நான் வண்டியில் வைக்கோல் கட்டுகளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தபோது அவர் உள்ளே பூசையை முடித்துவிட்டார். பெட்டியின் மூடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. மூடியில்தானே என்று வைக்கோலுக்குள் பத்திரமாக வைத்தேன்.

அருவி இரைச்சல் அதிகம் எட்டாத மேல்துறையில், ஒரு பாறை மேல் பெட்டியைத் திறந்தோம். என் மனைவி ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல் வந்து உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. கூடவே முணுமுணுத்தாள். ரேஞ்சர் தட்டு மாட்டுகிற இடம் வந்தது, தாண்டியது. அவள் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்தாள். புது வரியில் இரண்டு சொல். அதோடு கரகரவென்று ஊசி துள்ளி, பின்னுக்கு ஓடி, அந்த இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னது.

தட்டை எடுத்துப் பார்த்தேன். கறுப்பின் நடுவே, காய்ந்து கட்டியாகிப்போன சந்தனப் பொட்டு. மற்ற ஐந்தையும் உறையிலிருந்து உருவினேன். ஐந்திலும் பொட்டு.

"யாருண்ணா தட்டுல பொட்டு வெச்சது?"

"நாந்தான். நடுவுல இருக்கற காயிதத்துல வெச்சா எழுத்து அழுக்காயிடும்னு பாத்துப் பாத்து கறுப்புல வெச்சேன்."

"ஊசி ஓடற எடமே அந்தக் கறுப்புதாங்ண்ணா!"

"சாமிக்கு வெச்சதக் குத்தம் சொல்லாதடா. இரு, இப்பத் தொடச்சிடறேன்."

நான் கையைப் பிடிப்பதற்குள் தட்டை ஆற்றில் முக்கி, தேங்காய் நாரால் பாத்திரம் தேய்ப்பதுபோலத் தேய்த்துவிட்டார். நாரில் ஆற்றுமணல். மறுபடி போட்டபோது மழை பெய்கிற சத்தம்தான் வந்தது. அவர் பாறையில் சாய்ந்து வறுத்த மீன் தின்றார்.

"பொண்டாட்டி மொகம் சுண்டிப்போச்சுன்னு குதிக்கறான் பாரு" என்றார் முள்ளைத் துப்பிக்கொண்டே.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க மாமா" என்றாள் அவள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த மாதமே ஜெர்மனியோடு உலகச் சண்டை ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் புதுத்தட்டு வருவது குறைந்தது. சண்டை முடிந்த பிறகு சேலத்தில் நான்கு கடை, பெங்களூரில் ஏழு கடை ஏறி இறங்கினேன். அந்தத் தட்டு எங்கும் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன்: அந்தப் பொட்டு அடைத்தது ஊசி ஓடுகிற இருபத்தொரு கோடு. அவள் இப்போது பழைய பாதியோடு அந்த இரண்டு சொல்லையும் சேர்த்துப் பாடி நிறுத்துவாள்.

அண்ணனோ, ஒகேனக்கல்லில் பாட்டு வைத்த முதல் ஆள் தான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயுத பூசைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். நான் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன்.

"எந்திரிங்க, வெச்சிட்டுப் போவட்டும்" என்பாள் என் மனைவி அடுப்படியிலிருந்து. "இனிமே அதுல கெடறதுக்கு என்ன இருக்குது?"