உங்கள் பெண் படிக்கிறாள்

எங்கள் வீட்டில் பேய் பிசாசுக்கு இடமே கிடையாது. இந்த வங்காளி ஊரில், டாக்குரியாவில் இரண்டு அறை, அதற்குள் நான், என் கணவர், மகள் சுதா, என் தையல் மெஷின், கணவரின் ஆபீஸ் ஃபைல்கள். இதற்கு மேல் ஒன்று வந்தால் வாசலில்தான் நிற்க வேண்டும். நான் கணக்கு எடுத்து பி.எஸ்ஸி. படித்தவள். அமாவாசையில் தலையை விரித்துப் போடாதே என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை கேட்டவர்கள் எல்லோரும் பாதியிலேயே ஒரு மாதிரி சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள், ஆனால் முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நடந்தது எழுபத்தாறு ஜூன் மாதம், அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடிவிட்டது. சுதாவுக்கு அப்போது பதிமூன்று வயது. சாதாரணமாக அவள் சாப்பிடும்போது படிப்பாள், தலை பின்னும்போது படிப்பாள், தமிழ், வங்காளி, இங்கிலீஷ் எது கிடைத்தாலும் படிப்பாள், நானே எத்தனையோ தடவை பிடுங்கிப் பரணில் போட்டிருக்கிறேன். அந்த வருடம் மார்ச் மாதம் அது திடீரென்று நின்றுபோனது. புத்தகத்தை எடுப்பாள், மூன்றாம் பக்கம் வரை போவாள், மூடிவிடுவாள். "தூர், இதுவும் அதே மாதிரிதான்மா, முடிவு இப்பவே தெரியுது" என்பாள். முதல் வாரம் எனக்குச் சந்தோஷம்தான், கண்ணுக்கு ஓய்வு என்று நினைத்தேன். ஆனால் புத்தகம் போனதோடு மற்றதும் போனது. கீழே விளையாடப் போவதில்லை, சிநேகிதிகள் வந்தால் பேசுவதில்லை, படுத்தபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருப்பாள், லோட் ஷெட்டிங்கில் அது நின்றுவிட்டாலும் நின்ற விசிறியைப் பார்ப்பாள். டாக்டர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் ஏன் இப்படி இருக்கிறாள் என்று கேட்டால் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அவளுக்குள் ஏதோ ஒன்று அணைந்துகொண்டிருக்கிறது, ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அது திரும்பிவிடும் என்று எனக்கு மட்டும் தோன்றியது.

அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் தீராது. ஆளுக்கொரு யோசனை. என் கணவர் பொது அறிவுப் புத்தகம் வாங்கி வந்தார், அதில் உலகத்து ஆறுகளின் நீளமெல்லாம் இருந்தது. கீழ்வீட்டு மாஷிமா, அதாவது வீட்டுக்காரம்மா, ஏழு வயதில் அவளுக்குப் பிடித்ததையே திரும்பப் படிக்கச் சொல் என்றார். சுதா ஒரு பக்கம் படித்துவிட்டு, நான் அப்போ எவ்வளவு அசடா இருந்திருக்கேன் என்று மூடிவைத்தாள். பள்ளிக்கூட டீச்சர் நாவல் வேண்டாம், சின்னச் சின்னக் கதையாகக் கொடுங்கள் என்றார். அதெல்லாம் இன்னும் சீக்கிரம் மூடப்பட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்ச் சங்கத்தில் ஒரு அலமாரி உண்டு, ஆனால் சாவி வைத்திருந்தவர் எப்போது போனாலும் டூரில் இருந்தார். வாசித்துக் காட்டுங்கள் என்று யாரோ சொல்ல அதையும் செய்தேன். இரண்டாம் பக்கத்தில் நான்தான் தூங்கிப்போனேன், எழுந்து பார்த்தால் சுதா எனக்குப் போர்த்திவிட்டிருந்தாள்.

அவள் படித்தது ஒன்றே ஒன்று. லேக் மார்க்கெட்டில் நம்மூர் அண்ணாச்சி கடையில் சாமான் வாங்கினால் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில்தான் பொட்டலம் கட்டித் தருவார். பெருங்காயத்தைக் கொட்டிவிட்டு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். முன்னும் இருக்காது, பின்னும் இருக்காது, பாதிக் கதை. அதுதான் பிடித்தது அவளுக்கு. அண்ணாச்சியிடம் சொல்லிப் புலம்பினேன். அவர், "ஒங்க மகளுக்கு காயிதம்தான் இனிக்குன்னா நான் என்ன செய்ய? பேசாம சாமானை இங்கயே போட்டுட்டு காயிதத்தை மட்டும் கொண்டு போங்க" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. கணவருக்கு ஆபீஸில் வேலை. வெயில் உச்சியைப் பிளந்தது. கோல் பார்க் நடைபாதையில் பழைய புத்தகக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள், அங்கே இன்னும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று மூன்றரை மணிக்குச் சுதாவைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பினேன். பாலம் ஏறி இறங்கினால் கால்மணி நேர நடை. பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேட்டேன், எல்லோரும் நான் ஏற்கெனவே வாங்கித் தோற்ற புத்தகங்களையே நீட்டினார்கள். வரிசை முடிந்து கொஞ்சம் தள்ளி ஒருவர் தனியாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். அந்த வெயிலில் தலையில் கம்பளிக் குரங்குக் குல்லா, முகத்தில் கண்ணும் மூக்கும்தான் தெரிந்தது. இந்த ஊரில் டிசம்பர் பிறந்தால் எல்லோரும் அதைப் போட்டுக்கொள்வார்கள், ஆனால் ஜூன் மாதத்தில் யார் போடுவார்கள்? அப்போது எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

பதிமூன்று வயதுப் பெண், எதுவும் பிடிக்கவில்லை, புதிதாக ஏதாவது இருக்கிறதா என்று என் வங்காளியில் கேட்டேன். அவர் நிமிரவே இல்லை. "ஆப்னார் மேயே பொர்ச்சே" என்றார். உங்கள் பெண் படிக்கிறாள் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று மாதமாக நாயாக அலைகிறேன், இவருக்கு என்ன தெரியும்? படிக்கவில்லை, அதனால்தானே வந்திருக்கிறேன் என்றேன். அவர் மறுபடியும், இப்போது, இந்த நிமிஷம், பொர்ச்சே என்றார். நானும் விடவில்லை, இல்லவே இல்லை என்று சண்டை பிடித்தேன், நம்புங்கள், நடுத்தெருவில் நின்று அந்த ஆளோடு வாதாடினேன். சலித்துப்போய் மணி பார்த்தேன், நாலு மணி ஐந்து நிமிஷம். முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நடந்தேன்.

பாலத்தின் மேல் ஒரு ரிக்‌ஷா என்னைத் தாண்டிப் போனது. அதில் இருந்த பெண்ணின் மடியில் ஒரு கைக்குழந்தை, அது வெளியே எதையோ பார்த்துச் சாய்ந்தது. அந்தப் பெண் குழந்தையை இழுத்து அணைத்து, "பொரே ஜாபே, பொரே ஜாபே" என்றாள். விழுந்துவிடுவாய் என்று.

பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இவர்கள் மொழியில் படிப்பதற்கும் விழுவதற்கும் ஒரே சொல் என்பது எனக்குத் தெரியாததா? காய்கறிக்காரரிடம் கூடையிலிருந்து வெண்டைக்காய் விழுகிறது என்று நானே அந்தச் சொல்லைத்தானே சொல்கிறேன்? புத்தகக் கடையில் நின்றதால் புத்தகமாகவே காதில் விழுந்திருக்கிறது. உங்கள் பெண் விழுகிறாள். இப்போது, இந்த நிமிஷம்.

எப்படி ஓடினேன் என்று கேட்காதீர்கள். ஒரு செருப்பு பாலத்திலேயே போய்விட்டது. வீட்டில் கரண்ட் இல்லை, அறைகள் இருட்டு, சுதா இல்லை, மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. வடக்கு மூலையில் கைப்பிடிச்சுவர் இற்றுப்போய்க் கிடந்தது, சரிசெய்யுங்கள் என்று இரண்டு வருடமாக மாஷிமாவிடம் சொல்லி அலுத்த இடம். சரியாக அங்கேதான் உட்கார்ந்திருந்தாள், கால் இரண்டும் வெளியே தொங்க, முதுகை எனக்குக் காட்டி, தலை குனிந்து.

படித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிட்டால் திடுக்கிடுவாள் என்று கூப்பிடவில்லை. சுடுகிற தரையில் ஒற்றைச் செருப்போடு நடந்து போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தேன், இரண்டு பேரும் மல்லாந்து விழுந்தோம். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் நாலு செங்கல் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்ந்து கீழே போனது. சந்தில் மாஷிமாவின் துளசித் தொட்டி உடைகிற சத்தம் கேட்டது.

"என்னம்மா, நல்ல இடத்துல வந்து நிறுத்திட்டே" என்றாள் சுதா. ஓங்கி ஒரு அறை கொடுத்தேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன். எல்லாம் முடிந்த பிறகுதான் புத்தகம் ஏது என்று கேட்டேன்.

"நீதானே குடுத்தனுப்பிச்சே."

"யார்கிட்ட?"

"குல்லா போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்தாரே, கரண்ட் போனதும். அம்மா குடுத்தாங்க, உள்ளே இருட்டா இருக்கு, மாடியில வெளிச்சத்துல உக்காந்து படின்னார்."

"வங்காளியிலயா?"

"இல்லம்மா, தமிழ்லதான்."

எங்கள் பக்கம் கரண்ட் போவது நாலு மணிக்கு, அன்றும் அப்படித்தான். நாலு ஐந்துக்கு அந்த ஆள் கோல் பார்க்கில் என்னோடு வாதாடிக்கொண்டிருந்தார். கணக்குப் படித்தவள் நான், இதை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை. இரண்டு நாள் கழித்துக் கணவரை இழுத்துக்கொண்டு அங்கே போனேன். அந்த இடத்தில் ஒரு கார்ப்பரேஷன் குழாய், இரவும் பகலும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, தரை பாசி பிடித்து வழுக்குகிறது. அங்கே யார் புத்தகம் பரப்புவார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். ஜூனில் குல்லாவா என்று இன்னொருவர், பௌதிக்கு, அதாவது அண்ணிக்கு, எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுங்கள் என்று என் கணவரிடம் சொன்னார். என் கணவரும் சிரித்தார், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

புத்தகம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்தது. பேரும் இல்லை, எழுதியவரும் இல்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், அவ்வளவு வரை நான் படித்தேன், அதற்கு மேல் முடியவில்லை. கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டினேன். பாதியில் கிழிந்திருந்தது. 'அம்மா வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்' என்பதோடு நிற்கிறது. பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன்.

சுதா அன்றிலிருந்து பழையபடி படிக்க ஆரம்பித்துவிட்டாள், இப்போது எதையும் விடுவதில்லை. நான் கேட்டது அதைத்தானே, கிடைத்துவிட்டது. ஆனால் சாயங்காலம் அவள் ஜன்னலருகே உட்கார்ந்தால் மாஷிமா கீழேயிருந்து பெருமையாக, உன் பெண் பொர்ச்சே என்று குரல் கொடுக்கிறார், நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். வேறு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டால் அவருக்குப் புரிவதில்லை.

அண்ணாச்சி கடைப் பொட்டலங்களையும் இப்போது நானே பிரிக்கிறேன். போன செவ்வாய்க்கிழமை மல்லிப் பொட்டலத்தில் ஒரு தாள் வந்தது. பெட்டியில் இருக்கிற புத்தகத்தின் அதே மஞ்சள், அதே அச்செழுத்து, மேல் ஓரம் கோணலாகக் கிழிந்திருந்தது. படிக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஸ்டவ்வில் காட்டிவிட்டேன். எரிந்து முடிந்த பிறகுதான், அம்மா வந்துவிட்டாள் என்றுகூட அதில் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

பின்னால் சுதா வந்து நின்றாள். "மல்லி சுத்தியிருந்த பேப்பர் எங்கேம்மா? குல்லா போட்டவர் இன்னிக்கு வரும்னாரே" என்றாள்.