முப்பது நாள் கட்டாயம் இருக்க வேண்டும்

காலை 9.40. பஹ்ரைனின் மனாமாவிலிருந்து ஷார்ஜா போகும் சிக்கன விமானத்தில் எனக்கு நடு இருக்கை. போக வர நாற்பத்தாறு தினார். கைப்பையில் நீலப் பாஸ்போர்ட், மதுரை வீட்டுப் பத்திரத்தின் நகல், மனைவி வசந்தா கட்டிக் கொடுத்த புளியோதரை. ஒரு நாட்டின் குடிமகனாக விரும்புகிறவர்கள் சாதாரணமாக அந்த நாட்டுக்குப் போவார்கள். நான் துபாய்க்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நாடு இருப்பது கரீபியன் கடலில். நம் ஊர் கலெக்டர் காலையில் ஜீப்பில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் மொத்தத்தையும் ஆய்வு செய்துவிடலாம், அந்த அளவு. முதலீடு செய்தால் குடியுரிமை தருகிறார்கள். சமீபம் வரை அந்த மண்ணில் கால் வைக்காமலே குடிமகனாகிவிடலாம். இப்போது விதியை மாற்றிவிட்டார்கள். நேர்காணல் உண்டு, துபாயில் உள்ள குடியுரிமை ஏஜென்சியில் திரை வழியாக. தவிர, முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் முப்பது நாளாவது அங்கே வந்து வசிக்க வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்து நான்கு ஆண்டுகளாக மனாமாவில் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். மற்றவர்களை மேலே அனுப்புவதே தொழில். அடுத்த மார்ச்சில் கம்பெனி என்னை வீட்டுக்கு அனுப்புகிறது. என் விசா முடிந்தால் வசந்தாவின் விசாவும் முடியும், மகள் நிவேதாவின் விசாவும் முடியும். நிவேதா மனாமாவின் குதைபியாப் பகுதியில், இப்போதும் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். யாரும் கிளம்பு என்று சொல்ல முடியாத ஓர் இடம் எங்கள் பெயரில் உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்பது வசந்தாவின் ஆசை.

மதுரை இருக்கிறதே என்பீர்கள். நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் ஒவ்வொரு லீவிலும் பெட்டியை இறக்கும்போதே பக்கத்து வீட்டில் அன்போடு கேட்பார்கள்: "வாங்க, எப்பக் கெளம்புறீங்க?"

தீவுக்கு வேண்டிய பணம் அந்த மதுரை வீட்டை விற்றால்தான் வரும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால் நீலப் பாஸ்போர்ட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

பகல் 12.15, ஷார்ஜா. முத்தையா அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், முன்பு மனாமாவில் என் சைட்டில் ஹெல்பர், இப்போது ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு காரேஜின் பிக்கப் ஓட்டுகிறார். வண்டியில் என்னோடு இரண்டு கியர்பாக்ஸும் பயணித்தன. ஏஜென்சி இருக்கும் துபாய் பிசினஸ் பே வரை முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒன்றேகால் மணி நேரம் ஊர்ந்தோம். வழியில் புது விதியைச் சொன்னேன்.

"அஞ்சு வருசத்துல முப்பது நாளா? நான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ரெண்டு மாசம் ஊருல இருக்கேன் சார். அப்ப நான் நல்ல சிட்டிசன்தான்." சிரித்தார். சிக்னலில் நின்றபோது மெதுவாகச் சொன்னார்: "போன தடவ போயிருந்தப்ப சின்ன மக அவுங்க அம்மாகிட்டக் கேக்குது, இவரு எந்த ரூம்ல படுப்பாருன்னு."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள். கலாஸ், பேச்சு முடிந்தது.

மாலை 4.00. முப்பத்திரண்டாவது மாடி. லிஃப்ட் மூன்று நொடி தாமதமாக நின்றது, பழக்கதோஷம், கவனித்தேன். ஏஜென்சியில் என் ஃபைலைப் பார்க்கும் ரேஷ்மா, கொல்லத்துக்காரப் பெண், திரைமுன் உட்கார வைத்தாள். அந்தப் பக்கம் தீவில் காலை எட்டு மணி. மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி அம்மையார். அவர் பேசுவதற்கு முன்பே ஒரு சத்தம் கேட்டது. தகரக் கூரையில் மழை. மனாமாவில் ஆண்டுக்கு நாலு நாள் மழை. அதற்கே ரோட்டில் தண்ணீர் நிற்கும், நாங்கள் பால்கனியில் நின்று போட்டோ எடுப்போம். அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்காத மழை.

அவர் ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். "நிரந்தர முகவரி மதுரை என்று எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள்?"

"பதினொரு நாள்."

"தற்காலிக முகவரி மனாமா. அங்கே?"

"இருபத்து நான்கு வருடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இடம் மாற்றி எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது."

வளைகுடாவில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்று விளக்க முயன்றேன். பூட்டிக்கிடப்பது நிரந்தரம், குடியிருப்பது தற்காலிகம். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது பைத்தியக்காரத்தனமாகவே ஒலித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையில் வசிக்கும் இடத்தை எழுதி நாளைக்குள் அனுப்பச் சொன்னார். பிறகு, "முப்பது நாள் கட்டாயம் வந்து இருக்க வேண்டும். உங்களுக்குச் சம்மதமா?" என்றார்.

ரேஷ்மா கவலையோடு என் முகத்தைப் பார்த்தாள். விசா ரத்தானால் இத்தனை நாளுக்குள் போய்விடு என்று சொல்லும் விதிகள் எனக்கு மனப்பாடம். கட்டாயம் வந்து இரு என்று எந்த அரசாங்கமும் என்னிடம் சொன்னதில்லை. எந்த உறவினரும்தான். சம்மதம் என்றேன்.

மாலை 6.30, ஷார்ஜா விமான நிலையம். முத்தையா பையை எடுத்துக் கொடுத்தார். "ஊருக்குத்தான சார்?"

"ஆமா முத்தையா, ஊருக்குத்தான்" என்றேன். கவுன்ட்டரில் போர்டிங் பாஸில் மனாமா என்று இருந்ததைப் பார்த்தபோதுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

பதினான்கு திர்ஹாம் டீயோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்தினேன். நிரந்தர முகவரி: குதைபியா, மூன்றாவது மாடி. இன்னும் சில மாதங்களில் நான் காலிசெய்ய வேண்டிய வீடு. மதுரை முகவரியை, விற்பனைக்குரிய சொத்து என்ற கட்டத்தில் எழுதினேன். பிறகு வசந்தாவைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், மழையையும். மதுரை வீட்டின் வேப்பமரத்தை நினைக்கிறாள், வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மழன்னா, தெனமுமா?"

"தெரியல. அடிக்கடி பெய்யும்போல."

"அப்ப," என்றாள் வசந்தா, "துணியெல்லாம் எங்க காயப்போடுறது?"